எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்

படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ‘செம’ என்பார், இல்லாவிட்டால் ‘மொக்கை’ என்பார். இரண்டில் எது வந்தாலும் படத்தைப் பற்றி நமக்கு எதுவும் தெரியப்போவதில்லை. எந்த இடத்தில் என்று கேட்டால்தான் பேச்சே தொடங்கும். ரசிகர்களின் பேச்சையும் கேலியையும் பல காலமாக ஆசையோடு கேட்டுவரும் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. படத்திலோ பாட்டிலோ புத்தகத்திலோ ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டுக்காட்டுகிற கருத்து, எவ்வளவு விளையாட்டாகச் சொல்லப்பட்டாலும், விமர்சனம்தான். இடம் காட்டாத கருத்து எத்தனை கனமான சொற்களில் வந்தாலும் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

‘பொன்னியின் செல்வன்’ படங்கள் 2022, 2023இல் வந்தபோது ‘நாவல் மாதிரி இல்லை’ என்ற புலம்பல் எங்கும் கேட்டது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த கதை சுமார் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டுமானால் வெட்டு விழத்தான் செய்யும். ஆனால் ‘மணிமேகலை எங்கே?’ என்று கேட்ட வாசகர்கள் வேறு காரியம் செய்தார்கள். சம்புவரையர் மகள் மணிமேகலை நாவலின் நாயகன் வந்தியத்தேவன்மேல் ஆசை வைக்கிறாள், அவனைக் காப்பாற்ற இளவரசன் கரிகாலனின் கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள், கடைசியில் சித்தம் கலங்கி இறக்கிறாள். போகுமிடமெல்லாம் விளையாட்டுத்தனம் காட்டிய வந்தியத்தேவனுக்கு நாவலின் முடிவில் பாரம் ஏறுவதே அவளால்தான். அவள் இல்லாத படத்தில் அவன் கடைசிவரை இலகுவாகவே இருந்துவிடுகிறான். அந்த ஒரு கேள்வியிலிருந்து, கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையிலான காதலை அச்சாக வைத்த திரைக்கதையில் இன்னொரு காதலுக்கு இடம் இருந்திருக்குமா என்ற நல்ல விவாதம் பிறக்கிறது. நாவலும் படமும் இரண்டுமே அதில் கூடுதலாகப் புரிகின்றன.

கேலிக்கும் இது பொருந்தும். 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுகிறது. 2019 மே மாதம், பாகிஸ்தானின் ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு நேசமணிக்கு நேர்ந்த கதியையும் சேர்த்துச் சொல்ல, அவர் பிழைக்க வேண்டும் என்ற பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய காட்சியை, யார் கையிலிருந்து நழுவியது, அடி பட்டதும் வடிவேலுவின் முகம் எப்படிப் போனது என்பதுவரை இத்தனை பேர் நினைவில் வைத்திருந்ததால்தான் அந்தக் கேலி பற்றிக்கொண்டது. மீம் போடுகிறவர்களைக் கவனியுங்கள். வடிவேலு திகைக்கும் முகம் ஒன்று, அடிவாங்கிய பிறகும் வீறாப்பு விடாத முகம் இன்னொன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் டெம்ப்ளேட் தப்பு என்று அடுத்தவர் உடனே சொல்லிவிடுவார். ஒரு நடிகரின் முகபாவங்களை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிகிற கூட்டத்தை வெறும் பொழுதுபோக்கிகள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பொழுதுபோக்காகப் பேசுகிறவனிடம் ஆதாரம் கேட்பது நியாயமா என்பார்கள். ஆதாரம் கேட்பதால் சுவாரசியம் குறைவதில்லை. ‘அன்னக்கிளி’யில் 1976இல் வந்த இளையராஜாவா, ‘ரோஜா’வில் 1992இல் வந்த ரஹ்மானா, யார் பெரியவர் என்ற சண்டை சலிப்பூட்டுவதே, அதில் பாட்டே இல்லாததால்தான். இரண்டாவது இடையிசையில் வயலின்கள் நுழையும் இடத்தைக் கேள் என்று ஒருவர் சொல்லட்டும், அவருக்கு ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் நம் காது திறக்கிறது. நடிகையின் உடம்பையும் நடிகரின் வயதையும் வைத்து அடிக்கும் கேலியில் இப்படிக் காட்ட எந்த இடமும் கிடையாது. அதற்குச் சிரிக்காமல் இருப்பதே சரி.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ரசிகர்களின் அவசரத் தீர்ப்பு நல்ல படங்களைக் கொன்றுவிடுகிறதே? உண்மைதான். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடவில்லை. அந்தப் படத்தைப் பிறகு தூக்கி நிறுத்தியவர்களும் ரசிகர்கள்தான். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து, காட்சி காட்சியாக எடுத்துப் பேசினார்கள். ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு, அன்பரசாக வரும் மாதவன் ரத்தம் கொடுத்தும் அவன் பிழைக்காமல் போகிறான். அந்த இடத்தில் மாதவன் உடைவதைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் புகழவே முடியாது. அதனால் முதல் நாளே தீர்ப்பு எழுதத் துடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் எந்தக் காட்சி நினைவில் நிற்கிறதோ, அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.