அடித்தல் விழுந்த வரிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் வழக்குகளைப் பார்க்கும் தொழிலுக்கு வந்திருக்கிறாய். மாநிலச் சட்டமன்றம் கூடும் ஒவ்வொரு பருவத்திலும் உன் மேசையில் மசோதாக்கள் குவியும். எதிர்த்து எழுது என்பார்கள் நிர்வாகக் குழுவினர். ஆதரித்துப் பேசு என்பார்கள் வீட்டுக்காரர்கள். எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்கு முன், மசோதா தொடுவது சங்கத்தின் தண்டிக்கும் கையையா, சேமிக்கும் கையையா என்று பார். தண்டிக்கும் கைக்குக் கடிவாளம் வேண்டும். சேமிக்கும் கைக்குக் கட்டாயம் வேண்டும். ‘வீட்டுக்காரரின் சுதந்திரம்’ என்ற ஒரே படிக்கல்லால் இரண்டையும் நிறுப்பதில்தான் சட்டமன்றங்கள் திரும்பத் திரும்பத் தவறுகின்றன.

முதலில் தண்டிக்கும் கை. டென்வர் நகரின் கிரீன் வேலி ராஞ்ச் குடியிருப்பில் அபராதமும் பாக்கியும் சேர்ந்து டஜன் கணக்கான வீடுகள் ஏல வழக்குக்குப் போன செய்தி கொலராடோவை உலுக்கியது. அதையொட்டி 2022-இல் வந்த சட்டம், சாதாரண விதிமீறல் ஒன்றுக்கான அபராதத்தை மொத்தம் 500 டாலரோடு நிறுத்தியது; பாக்கிக்கான வட்டி 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது; அபராதத்தை மட்டும் காரணம் காட்டி வீட்டை ஏலத்துக்கு விடுவதைத் தடுத்தது; வீட்டுக்காரர் கேட்கும் மொழியிலும் நோட்டீஸ் அனுப்பச் சொன்னது. கடைசி விதியைச் சின்ன விஷயம் என்று தள்ளாதே. இப்படியொரு பாக்கிக் கணக்குத் தாளை வரிவரியாகப் படித்துப் பார். புல் வெட்டாததற்கு ஒரு தொகை, தாமதத்துக்கு ஒரு தொகை, நோட்டீஸ் அனுப்பிய செலவு, அதற்கு வட்டி, கடைசியில் வக்கீல் கட்டணம். புல்லை எப்போதோ வெட்டியாகிவிட்டது. கணக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். முதல் நோட்டீஸைப் படிக்க முடியாதவருக்குக் கடைசித் தொகைதான் முதல் செய்தி. அந்தக் கடைசி வரியில் சம்பாதிப்பவர்கள் நம் தொழில்காரர்கள் என்பதையும் மறக்காதே.

இதற்கு வரும் பெரிய ஆட்சேபம் ஒப்பந்தம் சார்ந்தது. விதிகளைத் தெரிந்துகொண்டுதானே வீடு வாங்கினார்கள், அரசு ஏன் நடுவில் வருகிறது என்பார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1994-இல், விதியை மீறி மூன்று பூனைகள் வளர்த்த ஒருவரின் வழக்கில், பதிவான நிபந்தனை நியாயமற்றது என்று நிரூபிக்கப்படாதவரை செல்லும் என்றே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே விதியை நம்பித்தான் பணம் போட்டார் என்ற வாதத்தில் கனம் உண்டு. ஆனால் அந்த விதிகள் அடங்கிய பத்திரத்தை எழுதியவர் மனை பிரித்து விற்ற நிறுவனத்தார். முதல் வீடு விற்பதற்கு முன்பே அது பதிவாகிவிடுகிறது. வாங்குபவர் ஒரு வரியைக்கூடப் பேரம் பேச முடியாது. வீட்டின் மேல் வில்லங்கம் ஏற்றுவதும் ஏலத்துக்குக் கொண்டுபோவதும் அரசின் சட்டமும் நீதிமன்றமும் துணை நிற்பதால்தான் நடக்கின்றன. துணை நிற்கும் அரசு நிபந்தனையும் போடலாம். (பூனை விஷயத்தில் கலிபோர்னியா அதைத்தான் செய்தது. 2001 முதல் எழுதப்படும் அல்லது திருத்தப்படும் அடுக்குமாடி விதிகள் ஒரு செல்லப் பிராணிக்காவது இடம் கொடுத்தாக வேண்டும்.) அபராதத்துக்கு வரம்பு வைத்தால் பணக்காரர் கட்டிவிட்டு மீறுவார் என்பது இன்னொரு ஆட்சேபம். அவரை நிறுத்த நீதிமன்றத் தடையாணை இருக்கிறது.

இனிச் சேமிக்கும் கை. இங்கே கைதட்டல் கிடைக்காது. புளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத், 2021 ஜூன் 24 பின்னிரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளம் வாட்டமில்லாமல் மட்டமாக இருந்ததால் தண்ணீர் வடியாமல் நின்று கான்கிரீட்டை அரிக்கிறது என்று 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். பழுதுபார்க்க ஏறத்தாழ 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் கிடைத்தது 2021 ஏப்ரலில். முதல் தவணை ஜூலை 1. நிதிக் குறைவுதான் கட்டடத்தைச் சாய்த்தது என்று எழுதிவிடாதே. வடிவமைப்பிலேயே தளம் பலவீனமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் கையில் பணம் இருந்த சங்கம் தளத்தை முன்னதாகவே பெயர்த்துப் பார்த்திருக்கக்கூடும். அன்றைய புளோரிடா சட்டப்படி, வருங்காலப் பழுதுக்கான சேமநிதியை இந்த ஆண்டு வேண்டாம் என்று அடுக்குமாடி உரிமையாளர்களே வாக்களித்துக் கைவிடலாம். அந்த வாக்குச்சீட்டில், பின்னால் எதிர்பாராத சிறப்பு வசூல் உங்கள் தலையில் விழலாம் என்ற எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். எச்சரிக்கையைப் படித்துவிட்டே மாநிலம் முழுக்கப் பலர், ஆண்டுக்காண்டு, கைவிட்டார்கள். இங்கே கொடுங்கோல் நிர்வாகக் குழு எதுவும் இல்லை. மாதக் கட்டணம் ஏறக் கூடாது என்ற எல்லாருக்கும் பொதுவான ஆசைதான் இருந்தது. ஆகவே 2022-இல் அந்த மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகளில், பழையவற்றுக்குப் பரிசோதனையையும், எல்லாவற்றுக்கும் கூரை, தூண், நீர்த்தடுப்பு போன்றவற்றுக்கான சேமநிதியையும் கட்டாயமாக்கியது.

விளைவு கசப்பாகவே இருந்தது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பிக் கடலோரத்தில் வாழ்ந்த முதியோருக்கு மாதக் கட்டணம் எகிறியது. சிலர் விற்றுவிட்டுப் போனார்கள். இந்த ஆட்சேபத்தைச் சொல்பவரிடம் வாதத்திறமை காட்டாதே. அவர் சொல்வது உண்மை. ஆனாலும் அந்தச் செலவைச் சட்டம் உண்டாக்கவில்லை. துருப்பிடித்த கம்பி ஏற்கெனவே உண்டாக்கியிருந்த கடனுக்குச் சட்டம் தேதி குறித்தது. தேதியைக் கொஞ்சம் தளர்த்தலாம், தவணை கொடுக்கலாம். 2025-இல் புளோரிடா செய்ததும் ஏறக்குறைய அதுதான்: சேமநிதி ஆய்வுக்குக் கூடுதல் அவகாசம் தந்தது, சேமநிதிக்கு ஈடாகக் கடன் வாங்கவும் வழி விட்டது. கடமை இருக்கும்வரை இதைப் பின்வாங்கல் என்று நான் சொல்லமாட்டேன். கடமையையே எடுப்பது வேறு. அதே மாநிலம் 2008-இல், மூன்று மாடிக்கு மேற்பட்ட அடுக்குமாடிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் அல்லது கட்டடக்கலைஞரிடம் அறிக்கை வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டது. செலவு அதிகம் என்ற முணுமுணுப்பு எழுந்தது. 2010-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

புளோரிடா மசோதாத் தாளில் புதிதாகச் சேர்க்கும் சொற்களுக்கு அடிக்கோடு போட்டிருக்கும். எடுத்துவிடும் சொற்களின் மேல் கோடு இழுத்திருக்கும். உன்னிடம் வருகிறவர்கள் அடிக்கோடிட்டதைத்தான் காட்டுவார்கள்: அபராதம் குறைகிறது, பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்தலாம், குப்பைத்தொட்டிக்கு நோட்டீஸ் இல்லை. அவற்றை ஆதரி. அதற்கு முன்னால் மேலே கோடு விழுந்த வரிகளைப் படித்துவிடு.

அன்புடன்,
மூத்த தோழர்