‘அப்படியே இதையும் பார்த்துடுங்களேன்’

நம்பிக்கை: ஆலோசகரை அழைத்தவர்தான் வாடிக்கையாளர்.

உண்மை: நிறுவன ஆலோசனையில் பெரும்பாலான மனக்கசப்பு இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது. போன் செய்தவர் மனிதவள மேலாளர். பணம் தருபவர் நிர்வாக இயக்குநர். மாற்றத்தைச் சுமக்கப்போவது ஷாப் ஃப்ளோரில் நிற்பவர்கள். வாடிக்கையாளர் என்பவர் ஒருவரல்லர், யார் யார் என்று பிரித்துப் பாருங்கள் என நிறுவன உளவியலாளர் எட்கர் ஷைன் வலியுறுத்தியது இதனால்தான்.

சூப்பர்வைசர் ஒருவர் நம்பி மனம்விட்டுப் பேசுகிறார். “யார் என்ன சொன்னாங்க சார்?” என்று மறுநாளே மேலிடத்தில் கேட்கிறார்கள். அறிக்கையில் தொகுத்த கருத்துகள் மட்டுமே வரும், பெயர்கள் வராது என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்தாகியிருந்தால் பதில் தயாராக இருக்கும். இல்லையென்றால் அந்த நொடியில் ஆலோசகர் யாரையாவது கைவிட்டாக வேண்டும். அநேகமாக அது சம்பளம் குறைந்தவராகவே இருப்பார். கட்டணத்துக்கும் முன்னால் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது என்பேன்.

நம்பிக்கை: எல்லா வேலையையும் ஒரே இடத்தில் கொடுப்பது வசதி.

உண்மை: 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான், தன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனுக்குத் தணிக்கைக்காக 2.5 கோடி டாலரும் ஆலோசனை முதலான பிற பணிகளுக்கு 2.7 கோடி டாலரும் கொடுத்தது. தணிக்கைக் கட்டணத்தைவிடப் பெரிய வருமானம் அதே இடத்திலிருந்து வரும்போது, கணக்கில் தவறு என்று அழுத்திச் சொல்வது யாருக்கும் கடினம். கணக்குத் தவறுகள் வெளிவந்து, 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. அடுத்த ஆண்டே ஆண்டர்சன் தணிக்கைத் தொழிலைக் கைவிட்டது. நம் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, ஒரு கம்பெனியின் தணிக்கையாளரே அதற்கு மேலாண்மைச் சேவையும் செய்வதைத் தடுக்கிறது.

நம்பிக்கை: சின்னச் சின்ன வேலைகளை மறுக்காமல் செய்தால் உறவு வளரும்.

உண்மை: “இன்க்ரிமென்ட் லிஸ்ட் இருக்கு, அப்படியே இதையும் பார்த்துடுங்களேன்” என்பார்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் செய்தி மாலைக்குள் கேன்டீன்வரை போய்விடும். தன் சம்பள உயர்வில் கைவைப்பவரிடம் எந்தத் தொழிலாளி இனி உள்ளதைச் சொல்வார்? இதை மறுப்பது உறவைக் காப்பாற்றுவதே.

நம்பிக்கை: கையெழுத்தானபின் எதையும் சேர்க்க முடியாது.

உண்மை: இரு தரப்பும் சம்மதித்தால் ஒப்பந்தத்தை மாற்றலாம்; 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. அரைப் பக்கம் போதும்: கூடுதல் வேலை எது, எத்தனை நாள், என்ன கட்டணம், முடிவை யார் யார் பார்க்கலாம். வேலையைத் தொடங்குமுன் இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும்.