ஆய்வில் ஆள் தேர்வும் வடிவமைப்பும்

ஆய்வு என்றதும் நம் மாணவர்கள் வினாப்பட்டியல் அமைப்பதிலேயே பெருங்கவனம் செலுத்துகின்றனர். அவ்வினாக்களை யாரிடம் கேட்பது என்பதோ பெரும்பாலும் வசதியைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது. ஆள் தேர்வில் நேரும் பிழையைப் பின்னர் எந்தக் கணக்கீட்டாலும் முழுமையாகத் திருத்த இயலாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

நாம் அறிந்த பீளமேட்டையே சான்றாகக் கொள்வோம். பஞ்சுத் தூசு நூற்பாலைத் தொழிலாளரின் நுரையீரலைத் தாக்குகிறதா என ஒருவர் ஆராய விரும்பலாம். ஆலை வாயிலில் நின்று, வேலை முடிந்து வருவோரை மட்டும் அவர் வினவினால், நலமாயிருப்போரே மிகுதியாகத் தென்படுவர். மூச்சுத் திணறலால் வேலையை விட்டவர்கள் வீட்டிலன்றோ இருக்கின்றனர்! ஆகவே, பழைய பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்து, விலகியோரையும் தேடிக் காண்பதே முறை. ஒருநாள் கணிப்பைவிடப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கும் வடிவமைப்பே இவ்வினாவுக்கு ஏற்றதாகும்.

இரு சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கோ வேறு வடிவமைப்பு வேண்டும். இதற்குச் சென்னையே சிறந்த சான்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956-இல் அங்கு ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. நோயாளர் மருத்துவமனையில் தங்கியே தீரவேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்துண்டு தேறலாமா என்பது வினா. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளரையே ஆய்வாளர் தேர்ந்தனர். யார் வீட்டில், யார் மருத்துவமனையில் என்பதை எவர் விருப்பத்திற்கும் விடாமல் வாய்ப்பு முறையில் பிரித்தனர். மருத்துவரே பிரித்திருப்பின், நோய் முற்றியவர் ஒரு பக்கமே குவிந்திருக்கக்கூடும், ஒப்பீடும் பிழைபட்டிருக்கும்.

193 நோயாளர் பற்றிய ஓராண்டு முடிவு 1959-இல் வெளிவந்தது. நல்லுணவும் ஓய்வும் பெற்றோருக்கு ஏறக்குறைய நிகராக வீட்டிலிருந்தோரும் தேறினர். உடனுறைந்த குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் புலனாயிற்று. குடும்பத்தைப் பிரியாமலே நோய் தீர வழி பிறந்தது. வசதியுள்ளோரை மட்டும் தேர்ந்திருந்தால், இம்முடிவு ஏழைக்குப் பொருந்துமா என்ற ஐயம் நீங்கியிராது.

ஆதலின், களத்திற்குப் புறப்படுமுன் மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: இம்முடிவு யாருக்குப் பயன்பட வேண்டும்? அவர்கள் நம் பட்டியலில் உள்ளனரா? விடுபட்டோர் யார், ஏன் விடுபட்டனர்? மூன்றாம் வினாவுக்கான விடையை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதுவதே ஆய்வாளரின் நேர்மை எனக் கருதுகிறோம்.