தீட்டாத தானியமும் தாவர உணவும்

நெல்லை விளைவிக்கும் குடும்பங்களே அந்நெல்லின் சத்து மிகுந்த பகுதியை ஆலையில் விட்டுவிட்டு, எஞ்சிய மாவுப்பகுதியை மட்டும் வீட்டிற்குக் கொண்டுவருவது இன்று வழக்கமாகிவிட்டது. மாட்டுத் தொட்டிக்கும் எண்ணெய் ஆலைக்கும் செல்லும் தவிட்டில் என்ன இருக்கிறது என்பதைக் குடியானவர்கள் நன்கு அறிந்துகொள்ளுதல் அவசியம். தானியங்களையும் பருப்புகளையும் கீரை, காய், கனிகளையும் கூடியவரை முழுமையாகவே உண்ணும் முறையின் நன்மைகளும், அதில் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகளும், அதனை விடாது கைக்கொள்ளும் வழிகளும் கீழே விவரிக்கப்படுகின்றன.

நெல்மணியின் அமைப்பு

நெல்மணியின் வெளிப்புறத்தில் உமியும், அதற்கடுத்துத் தவிட்டுப்படலமும், ஒரு முனையில் முளைக்கருவும், நடுவில் மாவுப்பகுதியும் உள்ளன. நூறு கிலோ நெல்லை ஆலையில் நன்றாகத் தீட்டினால் ஏறத்தாழ 20 கிலோ உமியும், 8 முதல் 10 கிலோ தவிடும் நீங்கி, 65 முதல் 70 கிலோ வெள்ளை அரிசி கிடைக்கிறது. உமி மனிதர்க்கு உணவன்று. அதனை நீக்குவதில் நஷ்டம் ஏதுமில்லை. ஆனால் நார்ப்பொருளும், எண்ணெய்ச் சத்தும், பி வகை வைட்டமின்களும், உலோகச் சத்துக்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலுமே தங்கியிருக்கின்றன. நன்கு தீட்டிய நூறு கிராம் பச்சரிசியில் தயமின் என்னும் பி1 வைட்டமின் சுமார் 0.06 மில்லிகிராமே உள்ளது. கைக்குத்தல் பச்சரிசியில் அது சுமார் 0.21 மில்லிகிராம்; கைக்குத்தல் புழுங்கலரிசியில் சுமார் 0.27 மில்லிகிராம்.

பெரிபெரி நோய் கற்பித்த பாடம்

இந்த வித்தியாசம் அற்பமானதன்று என்பதை மக்கள் பெரும் உயிர்ச்சேதத்தின் பின்னரே உணர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி அரவை ஆலைகள் பரவியபொழுது, கிழக்காசிய நாடுகளில் கால்கள் மரத்து, வீங்கி, இருதயம் தளர்ந்து மாளும் பெரிபெரி நோயும் பெருகிற்று. அக்காலத்தில் பலர் இதனை ஒரு தொற்றுநோய் என்றே எண்ணினர். ஜாவாவில் பணியாற்றிய கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் வீழ்வதையும், தீட்டாத அரிசியைப் பெற்றபின் அவை தேறுவதையும் கண்டார். பிறகு அத்தீவின் 101 சிறைச்சாலைகளில் அடோல்ப் வோர்டர்மன் நடத்திய விசாரணையின் முடிவுகள் 1897-இல் வெளியாயின. தீட்டிய அரிசி வழங்கப்பட்ட சிறைகளில் நோய் மிகுதியாகவும், தவிடு நீங்காத அரிசி வழங்கப்பட்ட சிறைகளில் மிக அரிதாகவும் இருந்தது. தவிட்டில் உள்ள ஒரு சத்து இல்லாமற்போவதே நோய்க்குக் காரணம் என்று 1901-இல் கெரிட் கிரைன்ஸ் விளக்கினார். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அச்சத்தாகிய தயமினை 1936-இல் ராபர்ட் வில்லியம்ஸ் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார்.

தமிழ் மக்களுக்கு நேரான சம்பந்தம் உடைய செய்தியும் இதில் உண்டு. மலாய் நாட்டில் வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் பெருந்தொகையாக மாண்டபொழுது, அதே நாட்டில் கடுமையாக உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாகவே தோன்றிற்று. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பரீட்சித்தார். 1907-இல் வெளியான அவருடைய அறிக்கைப்படி பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது, நீரில் கரையும் வைட்டமின்கள் தவிட்டிலிருந்து மணியின் உட்பகுதிக்குச் செல்கின்றன. பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி அரிசியிலேயே தங்குகிறது. நெல் அவித்துக் குத்திய முன்னோர் வைட்டமின் என்ற பெயரை அறியார். எனினும் அவர்தம் வழக்கம் அவர்களைக் காத்தது. சென்னை மாகாணத்திலேயே, தீட்டிய பச்சரிசியை விரும்பி உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி காணப்பட்டது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சியே விரிவடைந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்கி வருகிறது.

இக்காலத்து நோய்கள்

பெரிபெரி இன்று அருகிவிட்டது. ஆனால் இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவு பெற்ற ஆய்வு மதிப்பிட்டது. ஏற்றமும் கலப்பையும் இயந்திரத்திற்கு மாறின; உடலுழைப்புக் குறைந்தது; வெள்ளைச் சோற்றின் அளவோ குறையவில்லை. நார் நீங்கிய மாவுப்பொருள் விரைவில் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து உயர்த்துகிறது. முழுத்தானியங்களையும் பருப்பு, காய், கனிகளையும் மிகுதியாக உண்போரிடையே நீரிழிவும் இருதய நோயும் குறைவாக உள்ளன எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் உணவு ஒன்றே எல்லா நோயையும் தீர்க்கும் என்று கொள்ளலாகாது. உழைப்பும், உறக்கமும், புகையிலையையும் மதுவையும் விலக்குதலும் உடன் வேண்டும்.

ஒரு நாளைய உணவின் அளவு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு முதலிய புரதப் பொருள்கள் 85 கிராம், கீரை உள்ளிட்ட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை மற்றும் வித்து வகை 35 கிராம் எனக் கூறப்பட்டுள்ளது. பாலும் சிறிது எண்ணெயும் வேறு. கடுமையாக உழைப்போர்க்குத் தானியம் இன்னும் வேண்டியிருக்கும். இவ்வளவைப் பெரும்பாலான வீடுகளின் இன்றைய இலையோடு ஒப்பிட்டால், சோறு மிகுதியும் பருப்பும் காயும் குறைவும் ஆயிருத்தல் தெளிவாகும். ஆகவே அரிசியின் நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது. இலையில் சோற்றின் இடம் சுருங்கிக் கறிகளின் இடம் விரியவேண்டும்.

தானியப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்த மெதியோனின் தானியத்தில் உண்டு. இட்லியிலும் பொங்கலிலும் இவ்விரண்டும் சேர்வது சிறந்த ஏற்பாடாகும். கேழ்வரகு நூறு கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. அரிசியில் அது மிகச் சொற்பம். கம்பில் இரும்புச் சத்து உண்டு.

நிலத்தில் செய்யவேண்டிய ஏற்பாடு

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு மேற்கண்ட கணக்கின்படி ஆண்டுக்குத் தானியம் சுமார் 456 கிலோவும், பருப்பு சுமார் 155 கிலோவும் தேவை. தானியத்தில் பாதியை அரிசியாகவும், பாதியைக் கேழ்வரகு, கம்பு, சாமை, தினை முதலியவையாகவும் கொள்ளலாம். 228 கிலோ அரிசிக்கு, உமி மட்டும் நீக்குவதானால் ஏறத்தாழ 300 கிலோ நெல் போதும். வெண்மையாகத் தீட்டினால் ஏறத்தாழ 335 கிலோ வேண்டும். தீட்டாமையால் சத்தோடு நெல்லும் மிச்சமாகிறது.

காவிரிப் பாசனப் பகுதியில், சம்பா, தாளடி அறுவடைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு, ஈரம் இருக்கும்பொழுதே உளுந்தையோ பச்சைப்பயறையோ நிற்கும் பயிரிடையே தெளித்துவிடும் வழக்கம் உண்டு. அவ்விளைவு முழுவதையும் விற்றுவிடாது, குடும்பத்தின் ஓராண்டுத் தேவையை முதலில் எடுத்து வைக்கவேண்டும். மேட்டு நிலமுடையோர் நிலக்கடலையுடன் துவரையையும் தட்டைப்பயறையும் ஊடுபயிராக இடலாம். கொல்லையில் ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, இரண்டு பப்பாளி, சில அகத்தி, ஒரு கீரைப் பாத்தி ஆகியவை குளியல் நீரிலேயே வளரும். சோப்பு மிகுந்த நீரை மட்டும் விலக்கவேண்டும். ஈரம் உலராது பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃபிளடாக்சின் என்னும் நச்சு உண்டாகக்கூடும். அதனை மனிதர்க்கும் மாட்டிற்கும் கொடுத்தலாகாது.

விடாது கைக்கொள்ளும் வழி

தீட்டாத அரிசியைப் பலர் ஊக்கத்துடன் தொடங்கி ஒரு மாதத்திலேயே கைவிடுகின்றனர். அதற்குரிய காரணங்களும் பரிகாரங்களும் பின்வருமாறு.

1. அரிசி சீக்கிரம் சிக்கு நாற்றம் அடைகிறது, வண்டு விழுகிறது என்பது முதற் குறை. தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதே நாற்றத்திற்குக் காரணம். நெல்லாகவே சேமித்து வைத்து, இரண்டு வாரத்திற்கு வேண்டிய அளவு மட்டும் உமி நீக்கிக்கொண்டால் இக்குறை நேராது.

2. வேகத் தாமதமாகிறது என்பது இரண்டாவது. முதல்நாள் இரவே ஊறவைத்தால் விரைவில் வேகும், விறகும் மிச்சமாகும்.

3. குழந்தைகளும் முதியோரும் மெல்ல இயலாமல் வெறுக்கின்றனர் என்பது மூன்றாவது. முதலில் நாலில் ஒரு பங்கு மட்டும் கலந்து, இரண்டு மூன்று மாதங்களில் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். இட்லி, தோசை, கஞ்சி ஆகியவற்றில் மாற்றம் எளிதில் தெரியாது. நார்ப்பொருளைத் திடீரென மிகுத்தால் வயிறு உப்பும். படிப்படியாக மிகுத்து, நீரும் போதிய அளவு பருகவேண்டும்.

4. விருந்தினர்க்குப் பழுப்புச் சோறு படைப்பது கௌரவக் குறைவு என்னும் எண்ணம் நான்காவது. ஊர்ப் பெரியவர்கள் தம் இல்லத்து விசேஷங்களில் இதனைப் பரிமாறினால் அவ்வெண்ணம் தானே நீங்கும்.

எவ்வரிசியாயினும் பலமுறை தேய்த்துக் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் மீதியிருக்கும் வைட்டமினையும் போக்கிவிடும். வேண்டிய அளவே நீர் வைத்துப் பொங்குதல் நன்று. வடிப்பவர் கஞ்சியைப் பருகுதல் வேண்டும்.

எச்சரிக்கைகள்

தாவர உணவு எவ்வளவு சிறந்ததாயினும் அதில் பி12 வைட்டமின் இல்லை. இது குறைந்தால் இரத்தசோகையும், கை கால் மரத்தலும், ஞாபகக் குறைவும் உண்டாகும். நாள்பட்டால் நரம்பின் சேதம் முற்றும் தீராமலும் போகலாம். பால், தயிர், முட்டை இவற்றில் ஒன்றையேனும் போதிய அளவு உண்போர்க்கு இக்கவலை குறைவு. பாலையும் அறவே விலக்குவோர் வைத்தியரைக் கேட்டு பி12 மாத்திரையைத் தவறாது உட்கொள்ளவேண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறு குழந்தைகளும் இதில் சிறிதும் அசட்டை செய்யலாகாது.

தவிட்டிலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலம் இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவற்றால் அது குறையும். உணவுடன் எலுமிச்சையோ நெல்லிக்கனியோ சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும். உணவுடன் தேநீரும் காப்பியும் அருந்தினால் சேர்க்கை குறையும்.

நீரிழிவிற்கு மருந்து உட்கொள்வோர் சோற்றை வெகுவாகக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ நேரிடலாம்; மருந்தின் அளவை வைத்தியரே மாற்றவேண்டும், தாமாக நிறுத்தலாகாது. சிறுநீரக நோயாளர் பருப்பு, கீரை இவற்றின் அளவையும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

கிராம அலுவலர்களின் பங்கு

தீட்டாத அரிசி கிடைக்காமைக்கு ஒரு காரணம், அருகிலுள்ள ஆலை மூட்டைக்கணக்கில் வெண்மையாகத் தீட்டியே கொடுப்பதாகும். உமியை மட்டும் நீக்கும் சிறிய ரப்பர் உருளை இயந்திரம் ஒன்றைக் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ நிறுவினால், சில கிலோ நெல்லையும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். பள்ளி நிலத்தில் முருங்கையும் கீரையும் பயிர் செய்வித்தலும், கிராம சபையில் இவ்விஷயத்தை எடுத்துரைத்தலும் அதிகச் செலவின்றி ஆகக்கூடியவை.

விளைபொருளை விற்றுப் பணமாக்குதல் குடியானவனுக்கு அவசியமே. ஆயினும் களத்திலிருந்து வண்டி புறப்படுமுன், குடும்பத்தின் ஓராண்டு ஆரோக்கியத்திற்கு வேண்டிய நெல்லும், சிறுதானியமும், பருப்பும் பத்தாயத்தில் சேர்ந்தனவா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம். வரும் அறுவடையில் இரண்டு மூட்டை நெல்லை இதற்கென ஒதுக்கி, முதல் இரண்டு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் உமி நீக்கி உண்டு பார்த்து, பின்னர் விரிவு செய்துகொள்ளலாம்.