காற்றுப் படாவிட்டால் கிருமி சாகுமா?

வாழைச்சேனைக் களப்போரம் கண்ணா மரங்களுக்கிடையில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். மேலே மெல்லிய மண்ணிறப் படலம், கீழே கரிக்கறுப்பு, கூடவே கூழ்முட்டை நாற்றம். "ஊருக் கழிவெல்லாம் இஞ்சதான் சேருது, அதான் நாறுது" என்பார்கள் கல்குடாப் பக்கத்தில். கழிவு சேர்ந்தால் நாற்றம் கூடும்தான். ஆனால் கழிவே கலக்காத கண்டற் சேறும் இப்படித்தான் நாறும். மேற்படலத்துக்குக் கீழே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. அங்குள்ள பக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேற்றைக் கொண்டு சுவாசித்து ஐதரசன் சல்பைட்டை விடுகின்றன. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. ஒரு பிடி சேற்றை அள்ளி வெளியே பரப்பி வையுங்கள், காற்றுப் படப்பட நிறம் வெளிறும். கண்ணா மரம் பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டுவதும் மூச்சுக்காகத்தான்.

காற்றில்லாமல் உயிரில்லை என்பது நம் கணக்கு. 1861இல் லூயி பாஸ்டர் நுணுக்குக்காட்டியில் கண்டது நேர்மாறு: துளியின் நடுவில் துடித்தோடிய நுண்ணுயிர்கள், காற்றுப் படும் விளிம்பில் அசைவற்றுக் கிடந்தன. உயிர்க்கலத்துக்குள் ஒட்சிசன் நச்சுப்பொருள்களையும் பிறப்பிக்கும். அவற்றை முறிக்கும் நொதியங்கள் போதாதவற்றுக்குக் காற்றே எமன்.

எல்லாம் அப்படியல்ல. காசநோய்க் கிருமிக்கு ஒட்சிசன் வேண்டும். நம் எருமைத் தயிரை உறைய வைக்கும் பக்டீரியாவுக்கோ இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. சட்டியை மூடுவது எறும்புக்கும் தூசிக்கும்தான். பழைய தயிரில் பூஞ்சணம் மேலே மட்டும் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காற்று வேண்டும்.

விபரீதமான நம்பிக்கை காயத்தில்தான் இருக்கிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஏற்புவலி வருமாம். துருவுக்கும் நோய்க்கும் உறவில்லை. கிருமியின் வித்திகள் மண்ணிலும் மாட்டுச் சாணியிலும் கிடக்கின்றன. புது ஆணியிலும் ஒட்டும், கெளுத்தி முள்ளிலும் ஒட்டும். ஆழமான, குறுகிய குத்துக்காயத்தில் ஒட்சிசன் குறைவு. அங்கேதான் வித்தி முளைத்து நஞ்சைச் சுரக்கும். 1889இல் கித்தசாட்டோ என்ற ஆய்வாளர் இக்கிருமியைத் தனியே வளர்த்தெடுத்ததும் ஐதரசன் வாயுவுக்குள் வைத்துத்தான்.

எங்கள் வீட்டிலும் காயம் பட்டால் முதலில் தேடுவது கோப்பித்தூள். இரத்தம் நின்றதுபோல் தெரியும், நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் காற்றுப் புகாமல் அடைப்பதால் இந்தக் கிருமி சாகாது. அழுக்கை உள்ளே வைத்து அடைத்தால் அதற்குத்தான் வசதி. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியாக ஏற்பு ஊசி போட்டது எப்போது என்று சொல்லுங்கள்.