டிரெஸில் மேசையின் மூட்டுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிரெஸில் மேசைக்கு நான்கு மூலைகளிலும் தனித்தனிக் கால்கள் இல்லை. முனைக்கொரு தாங்கி, அவ்விரண்டையும் நீளவாக்கில் பிணைக்கும் ஒரு கட்டை, மேலே பலகை, அவ்வளவுதான். இடைக்கால ஐரோப்பாவில், உணவு முடிந்ததும் பிரித்து ஓரமாக வைப்பதற்கென வழங்கிய மேசை வகையிலிருந்து வளர்ந்த வடிவம் இது. உறுப்புகள் குறைவு என்பதால் ஒவ்வொரு மூட்டும் ஏற்கும் பொறுப்பு பெரிது. அந்த மூட்டுகளைப் பற்றித்தான் தவறான எண்ணங்களும் அதிகம்.

நம்பிக்கை: ஆப்பை ஓங்கி அடிக்க அடிக்க மூட்டு உறுதியாகும்.

உண்மை: கட்டையின் முனையில் மெலிதாக வெட்டிய நாக்கு தாங்கியைத் துளைத்து மறுபுறம் நீளும். நீண்ட பகுதியில் துளையிட்டு ஆப்பைச் செருகினால், அது கட்டையின் தோளை, அதாவது நாக்கின் அடியிலுள்ள படியை, தாங்கியோடு இழுத்து இறுக்கும். இதற்கு ஆப்புத் துளையின் உள்விளிம்பு தாங்கியின் முகத்தைத் தாண்டி 2 அல்லது 3 மி.மீ. உள்ளே புதைந்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். துளையை முகத்துக்குச் சமமாக வெட்டிவிட்டால் ஆப்பு நாக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அடித்தாலும் தோள் நெருங்காது, நாக்குதான் பிளக்கும். துளைக்கு அப்பால் மிஞ்சும் மரம் குட்டையாக இருந்தாலும் அதே கதிதான். ஆப்பின் சரிவு ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று என்றிருந்தால் நழுவாது. செங்குத்தாகச் செருகிய ஆப்பு, மேசை அதிரும்போது தானே கீழிறங்கி இறுகும். இந்த மூட்டுக்குப் பசை வேண்டவே வேண்டாம். பிரித்து மீண்டும் பூட்ட முடிவதே இதன் சிறப்பு.

நம்பிக்கை: மேற்பலகையைத் தாங்கியோடு பசையிட்டு ஒட்டிவிட்டால் நெடுநாள் நிற்கும்.

உண்மை: விரிசலுக்கு இதைவிட நேரான வழி இல்லை. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். தேக்கு குறைவாகவே அசையும் மரம். அப்படியிருந்தும் 900 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் 6 மி.மீ. அளவுக்கு அசையக்கூடும். தாங்கியின் மேல்சட்டம் பலகைக்குக் குறுக்கே கிடப்பதால் அதன் நீளம் மாறாது. அசைவதையும் அசையாததையும் ஒட்டினால் பலகை பிளந்தே தீரும். நடுவில் மட்டும் இறுகப் பிடித்து, ஓரங்களில் நீள்துளையிட்டு வாஷரோடு திருகாணி போடுவதே முறை. பலகையின் முனையில் பொருத்தும் குறுக்குச்சட்டத்துக்கும் இதே விதிதான்.

பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்க்கப் பசை போதாது, ஆணியும் வேண்டும் என்பதும் சரியல்ல. இழைப்புளியால் நேராக்கிய விளிம்புகளில் நல்ல மரப்பசை மரத்துக்கு இணையான பலம் தரும். மர ஆணிகள் பலகைகளை மட்டம் பிசகாமல் நிறுத்த மட்டுமே உதவும்.

தாங்கியின் உறுப்புகளைத் திருகாணியால் மட்டும் இணைப்பதையும் தவிர்க்க வேண்டும். மரத்தின் வெட்டுமுனையில் திருகாணிக்குப் பிடிப்பு குறைவு, மேசை ஆட ஆட அது தளரும். அங்கே துளையும் நாக்கும் கொண்ட மூட்டுதான் தேவை. நாக்கின் தடிமன் கட்டையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். அதற்கு மேல் பருத்தால் துளையின் பக்கச் சுவர்கள் மெலிந்துவிடும்.