பார்பரா காசிலும் ஐரோப்பியப் பாராளுமன்றமும்

ஐரோப்பிய வரலாறு என்றாலே நமக்குப் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வரும். அவ்வுடன்படிக்கைகள் ஒரு வீட்டின் வெண்ணெய்ச் செலவையும் தீர்மானித்தன என்பதை அறிய, பார்பரா காசில் அம்மையாரின் வரலாற்றைப் படித்தல் நன்று.

1910-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் பிறந்த இவர், 1945 முதல் 34 ஆண்டுகள் தொழிற்கட்சியின் சார்பில் பிளாக்பர்ன் தொகுதி உறுப்பினராக விளங்கினார். போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரை மூச்சுச் சோதனையால் பிடிக்க வழி செய்தார். (அம்மையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது!) ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வழங்கும் 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் இவர் கொணர்ந்ததே.

பிரிட்டன் 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அதில் நீடிக்கலாமா என்று 1975 ஜூன் 5 அன்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. காசில் "வேண்டாம்" என்ற அணியில் நின்றார். அங்கே உணவுப் பொருள்கள் விலை மிகுதி என்று காட்ட, பிரஸ்ஸல்ஸ் நகருக்கே சென்று கடைகளில் சாமான்கள் வாங்கி வந்தார். எதிரணியினரோ சமூகத்தில் சேராத நார்வேக்கு ஆள் அனுப்பி, அங்கு அதைவிட விலை கூடுதல் என்று காட்டினர்!

அவர் கூறியதில் உண்மை இல்லாமற் போகவில்லை. உழவர்களுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று சமூகம் ஒரு விலையை உறுதி செய்தது. மலிவான வெளிநாட்டுப் பொருள்மீது வரி விதித்தது. விற்காமல் மிஞ்சியதைத் தானே வாங்கிக் கிடங்குகளில் அடுக்கியது. விளைச்சல் பெருகப் பெருகக் கிடங்குகள் நிறைந்தன. இதைத்தான் 'வெண்ணெய் மலை' என்று மக்கள் கேலி செய்தனர். எனினும் 67 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்தனர்.

1976-இல் அமைச்சர் பதவியும் போயிற்று. வேறொருவராயின் ஓய்ந்திருப்பார். காசிலோ 1979-இல், தம் 68-ஆம் வயதில், ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் முதல் நேரடித் தேர்தலில் நின்று வென்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் அம்மன்றம் கூடியபோது, மூத்த உறுப்பினர் என்ற முறையில் 86 வயது லூயிஸ் வைஸ் அம்மையார் தலைமை தாங்கினார். பின்னர்த் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிமோன் வெய்ல், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். இந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கையில் நமக்குப் பெருமிதம் உண்டாகிறது.

பிரிட்டிஷ் தொழிற்கட்சி உறுப்பினர் 17 பேருக்குக் காசில் 1985 வரை தலைமை வகித்து, வேளாண்மைக் கொள்கையை இடைவிடாது கண்டித்தார். ஆனால் 1982-இல், கட்சி சமூகத்தைவிட்டு விலகவே விரும்பிய வேளையில், உள்ளே இருந்தே போராடலாம் என்று எழுதினார். இது தடுமாற்றம் என்று நமக்குத் தோன்றவில்லை. அவர் எதிர்த்த குறை அன்றும் இன்னதென்று தெரிந்ததே. எதிர்க்க நின்ற இடம்தான் மாறியது. 1984-இல் பால் உற்பத்திக்குச் சமூகமே அளவு விதிக்க நேர்ந்தது.

1989-இல் அம்மன்றத்தினின்று விலகி, மறு ஆண்டு பிரபுக்கள் சபை புகுந்தார். 2002-இல் தம் 91-ஆம் வயதில் மறையும் முன்னர், முதியோர் ஓய்வூதியத்தை உயர்த்தக் கோரித் தம் சொந்தக் கட்சி அரசோடும் வாதாடினார்.